சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சேலம் கோரிமேட்டில் இருக்கும் எங்கள் மெடிக்கலுக்கு மருந்து வாங்க வருகிறவர்களோடு யோசனை கேட்க வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கன்னங்குறிச்சிக்காரர்கள், ஏற்காடு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள், அஸ்தம்பட்டியில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். "பாப்பா பயாலஜி குரூப்புங்க. நீட்ல மார்க்கு பத்தல. நர்சிங்ல போடவா, பார்மசில போடவா?" என்று ஆரம்பிப்பார்கள். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பேச்சு முடிகிற நேரத்தில், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இன்னொரு கேள்வி வரும். "டி.பார்ம் முடிச்சா சர்டிபிகேட்ட ஏதாவது மெடிக்கல்ல வெச்சிட்டு, வீட்ல இருந்தே மாசாமாசம் ஒரு தொகை வாங்கிக்கலாம்னு சொல்றாங்களே அக்கா?" டி.பார்ம் என்பது பார்மசி டிப்ளமோ படிப்பு.

முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகப் படிக்க வையுங்கள். இரண்டாவது கேள்விக்கு என் பதில், அதற்காகத்தான் என்றால் தயவுசெய்து வேண்டாம். ஏன் என்பதைக் கடையில் நின்றுகொண்டு, பின்னால் நாலு பேர் சீட்டோடு காத்திருக்கும்போது, விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மெடிக்கல் திறக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் உரிமம் வாங்க வேண்டும். சில்லறை விற்பனைக்கு 20, 21 என்று இரண்டு படிவங்களில் உரிமம் தருவார்கள். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் வேண்டும். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து அவருடைய நேரடிப் பார்வையில்தான் போக வேண்டும் என்பது 1945-ஆம் வருட விதி. 1948-ல் வந்த பார்மசி சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பெயர் இருந்தால் போதும், ஆள் வேண்டாம் என்று எந்த விதியிலும் இல்லை.

இந்தச் சட்டங்கள் யாரோ அதிகாரிகள் கடைக்காரரைத் தொந்தரவு செய்யப் போட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். கலப்பட மருந்தும் போலி மருந்தும் சந்தையில் மலிந்து கிடந்த காலத்தில், 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். மருந்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும், மருந்து கொடுக்கிறவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. 1940-ல் வந்த மருந்துச் சட்டமும் அதற்குப் பின் வந்த பார்மசி சட்டமும் அந்த வழியில் வந்தவைதான். ஜனங்கள் செத்துப் பிழைத்த பிறகு வந்த விதிகள் இவை.

நடப்பு என்னவென்று சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் போடுகிறவரிடம் பணம் இருக்கும், படிப்பு இருக்காது. படித்தவரிடம் சர்டிபிகேட் இருக்கும், கடை வைக்க வசதி இருக்காது. இரண்டு பேரும் பேசி ஒரு மாதத் தொகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறிவிடும். அதற்குச் சொந்தக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பார், அல்லது கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். கவுன்ட்டரில் பத்தாவது முடித்த ஒரு பையன் நிற்பான்.

அந்தப் பையன்மேல் எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது. எந்த ரேக்கில் எந்தப் பெட்டி, எந்த ஏஜென்சியில் ஸ்டாக் இருக்கும், எந்தக் கம்பெனி எக்ஸ்பயரி சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் கையெழுத்தைக் கோடு பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் பெட்டியின் நிறத்தையும் முதல் நாலு எழுத்தையும் வைத்துத்தான் அவன் மருந்தை அறிவான். உள்ளே இருப்பது என்ன, அது உடம்புக்குள் போய் என்ன செய்யும், எதோடு சேரக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய ஆள்தான் சுவரில் தொங்குகிறார்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் காலியான மாத்திரை அட்டையை நீட்டி, "அக்கா, இதே மாத்திரை இன்னொரு அட்டை குடுங்க, மாமியாருக்கு" என்றார். மெத்தோட்ரெக்சேட், 7.5 மில்லிகிராம். முடக்கு வாதத்துக்குக் கொடுக்கிற மருந்து. வாரத்துக்கு ஒரு தடவைதான் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு அட்டையில் பத்து மாத்திரை, அதாவது பத்து வாரத்துக்கு வர வேண்டும்.

"இது எப்ப வாங்குனதுங்க?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம்."

சீட்டைக் கேட்டேன். டாக்டர் வாரம் ஒரு முறை என்று தெளிவாகவே எழுதியிருந்தார், கிழமையும் போட்டிருந்தார். ஆனால் மருந்து வாங்கிய இடத்தில், பேப்பர் கவரின்மேல் பேனாவால் 1-0-0 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒன்று. மற்ற எல்லா மாத்திரைக்கும் எழுதுவதைப்போலவே கை பழக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

"அவங்க வாயில புண்ணு ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமாங்க, ரெண்டு நாளா கஞ்சி கூட எறங்கலங்கறாங்க. சூட்டுக்கு வந்திருக்கும்னு இளநி வாங்கிக் குடுத்தோம்."

சூடு இல்லை. அந்த மருந்து அளவுக்கு மீறினால் முதலில் வாயும் குடலும் புண்ணாகும். அதற்குள்ளேயே எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது நின்றுகொண்டே வரும். அப்புறம் ஒரு சின்னக் காய்ச்சல் போதும். சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு டாக்டரிடம் சொன்னேன். உடனே அட்மிட் பண்ணச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மாற்று மருந்தாக ஃபோலினிக் அமில ஊசி போட்டார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இப்போதும் மாதாமாதம் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். கவரில் "ஞாயிறு மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, படித்துக் காட்டித்தான் கொடுக்கிறேன்.

இதில் பெரிய திறமை ஒன்றும் இல்லை. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுவிடும் ஆபத்து உலகம் முழுக்க பார்மசிப் பாடங்களில் சொல்லித் தரப்படுகிற விஷயம். படித்த எவரும் அந்த அட்டையைக் கையில் வாங்கியதும் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியவர் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பொன்னம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். அப்பா கைத்தறி நெய்தார். நாள் முழுக்கக் குழியில் கால் வைத்து மிதித்துவிட்டு எழுந்திருக்கும்போது இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. மெடிக்கலுக்குப் போய் "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை தருவார்கள். ஒன்று காய்ச்சல் மாத்திரை, ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, நாலாவதாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையில்லாமல் உதிரியாகக் கொடுப்பதால் பெயரும் தெரியாது, தேதியும் தெரியாது. போட்ட அரை நாளில் வலி பறந்துவிடும். அந்தக் கடைக்காரருக்குக் கைராசி என்று பேர்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்று எனக்குத் தெரிந்தது டி.பார்ம் படிக்கப் போன பிறகுதான். வகுப்பில் அதன் பக்க விளைவுகளை எழுதிப் போட்டபோது எனக்கு எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் கண்முன் வந்து நின்றார். முகம் உப்பி வட்டமாகி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிந்து, தோலில் தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டி இருப்பார். "நல்லா தேறிட்டாருப்பா" என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சுகர் வந்தது, எலும்பு பலமிழந்து இடுப்பு உடைந்தது. இத்தனைக்கும் ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. எத்தனையோ உயிரைக் காப்பாற்றும் மருந்து அது. டாக்டர் பார்த்து, அளவு வைத்து, குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற விஷயமா அது?

எங்கள் கடையில் செட் கிடையாது. ஆரம்பத்தில் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். "நாலு மாத்திரை குடுக்கத் தெரியல, என்னத்த மெடிக்கலு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. பக்கத்துக் கடையில் வியாபாரம் நடந்தது. அந்த மாதங்களில் வாடகை கட்டவே திணறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடை வைக்க நினைக்கும் பிள்ளைகள் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

மலைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பஸ், அடிவாரம் தாண்டினால் எங்கள் பக்கம்தான். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், மலை கிராமங்களில் இருக்கும் மலையாளிப் பழங்குடி ஜனங்கள் எல்லோரும் சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மருந்து வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். ஏறிவிட்டால் சந்தேகம் கேட்க மறுபடி இறங்கி வர முடியாது. ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் அவர்களிடம் பேசுவதற்கு நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன்.

குளிர்காலத்தில் மலையில் பனி இறங்கினால் வீசிங் வருகிறவர்கள் அதிகம். அதே சமயத்தில்தான் காப்பிப் பழம் பறிக்கும் வேலையும் இருக்கும். அப்படி வந்த ஒருவர், வயது அறுபது இருக்கும், "இந்த மாத்திர ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்கம்மா, வேற நல்லதா குடுங்க" என்று ஒரு டப்பாவை வைத்தார். உறிஞ்சி இழுக்கும் மருந்துக்கான கேப்சூல். ஒரு சின்னக் கருவியில் போட்டு, திருகி உடைத்து, வாயை வைத்து இழுக்க வேண்டியது.

"எப்படிங்க போடறீங்க?"

"எப்படின்னா? சுடுதண்ணில முழுங்கறேன்."

நெஞ்சுக்குள் போக வேண்டிய மருந்து ஒரு மாதமாக வயிற்றுக்குப் போயிருக்கிறது. கருவியை எங்கே என்று கேட்டால், "அது பேரன் வெளையாடறான்" என்றார். புதுக் கருவி ஒன்று எடுத்தேன். கேப்சூலைப் போட்டு, திருகி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, உதட்டை இறுக்கமாக வைத்து, வேகமாக ஆழமாக இழுக்க வைத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கச் சொன்னேன். முதல் தடவை இருமிவிட்டார். இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. பிறகு வந்தது. கேப்சூலைத் திறந்து காட்டினேன், உள்ளே பொடி இல்லை. "ஓ, இது பீடி மாதிரி இழுக்கோணும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படிந்து புண்ணாகும். அடுத்த மாதம் அவர் வந்தபோது ஒரு பையில் சவ்சவ் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனார்.

இன்சுலினிலும் இதே கதைதான். குப்பியில் வரும் இன்சுலின் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 100-க்கு என்று ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் இருக்கிறது. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், இருபது என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது எட்டு யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போகும், டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். 100 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம், இருபதுக்குப் பதிலாக ஐம்பது போய்விடும். தூக்கத்திலேயே சுகர் இறங்கி மயக்கமாகிவிடுவார்கள். இது ஒரு மூடியின் நிறத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு, பிரித்த குப்பியை அடுப்புப் பக்கம் வைக்காமல், மண்பானைத் தண்ணீர் இருக்கும் குளிர்ந்த மூலையில் நனையாமல் வைக்கச் சொல்வேன். ஃபிரிட்ஜ் இருக்கும் வீடுகளில் ஃபிரீசரில் வைத்துவிடுவார்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது.

தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு போடக் கூடாது, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டும், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரே நேரத்தில் கலக்க வேண்டும், டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடக் கூடாது. ஒரு நாளில் இப்படி எத்தனை பேச்சு பேசுகிறேன் என்று எண்ணி முடியாது. என்னைக் கேட்டால் பார்மசிஸ்ட் வேலை என்பது இந்தப் பேச்சுதான். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதை யாரும் செய்யலாம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். கவுன்ட்டரில் ஒரு பெண் நிற்பதற்கே தனி மதிப்பு இருக்கிறது. வெள்ளைப்படுதல், மாதவிலக்குத் தள்ளிப்போனது, மார்பில் கட்டி, கருத்தடை மாத்திரை என்று எதுவானாலும், உள்ளே ஆண் நின்றால் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற பெண்கள் உண்டு. நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டில்லாமல் எங்கேயோ வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் வெளுத்துப்போய் வந்து நின்ற பெண்ணை ஆட்டோ வைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் முதலில் சொன்னது என்னிடம்தான், வீட்டில்கூட இல்லை.

தொந்தரவும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் இருட்டின பிறகு இரண்டு மூன்று பையன்கள் பைக்கில் வந்து வலி மாத்திரை பேர் சொல்லி அட்டை அட்டையாகக் கேட்பார்கள். கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சீட்டில்லாமல் தர மாட்டேன் என்றால் விலையைப்போல ஐந்து மடங்கு தருகிறேன் என்பார்கள், சில நேரம் மிரட்டலும் வரும். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் எச்1 பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வீரியமான ஆன்ட்டிபயாட்டிக்குகள் பலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நோட்டு எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் சான்றிதழ் மட்டும் தொங்கும் கடையில் அந்த நோட்டு எப்படி எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடையில் தப்பு நடந்தால் உங்கள் பெண்ணின் பெயர்தான் அதில் இருக்கும். வேறு ஊரில் குழந்தையோடு இருப்பவள் பதில் சொல்ல வேண்டி வரும். பதிவே போய்விடலாம்.

இனி படிப்பு விவரம். டி.பார்ம் இரண்டு வருஷம், அதற்கு மேல் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். நாங்கள் படித்த காலத்தில் பாஸ் செய்ததும் நேராக மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தோம். டிப்ளமோ முடித்தவர்கள் பதிவு செய்யும் முன் எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-ல் விதிமுறை கொண்டுவந்துவிட்டார்கள். நல்லதுதான் என்பேன். பி.பார்ம் நாலு வருஷம். அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் விண்ணப்பிக்க வேண்டும், நீட் தேவையில்லை. மார்க் நல்லா இருக்கிற பிள்ளை என்றால் முதலில் அதைத்தான் முயற்சி பண்ணச் சொல்வேன். பார்ம்.டி ஆறு வருஷம், 2008-ல் வந்தது, கடைசி ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில். வார்டில் டாக்டரோடு நின்று மருந்தைச் சரிபார்க்கும் வேலைக்காகவே உண்டான படிப்பு. ஆனால் நம் பக்கத்து மருத்துவமனைகளில் அவர்களுக்கான இடத்தை இன்னும் சரியாக உண்டாக்கித் தரவில்லை என்பது என் ஆதங்கம். ஆறு வருஷம் படித்த பிள்ளையை பில்லிங் கவுன்ட்டரில் உட்கார வைக்கிறார்கள். அதனால் இதற்குச் சேர்க்கும் முன் வெளிநாட்டுத் தேர்வு எழுதுவதா, ஆராய்ச்சிக்குப் போவதா, மருந்துப் பாதுகாப்புத் துறை வேலைகளுக்குப் போவதா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடை மட்டும்தான் வழி என்றில்லை. மருந்து தயாரிக்கும் கம்பெனிகளில் உற்பத்தி, தரப் பரிசோதனை இருக்கிறது. டிரக் இன்ஸ்பெக்டர், அதாவது மருந்து ஆய்வாளர் ஆகலாம், அதற்குப் பட்டம் வேண்டும், டிப்ளமோ போதாது. டிப்ளமோ படித்தவர்களின் பெரிய கனவு அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலைய வேலை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கிறார்கள். இடம் கொஞ்சம், எழுதுகிறவர்கள் ஏராளம்.

அந்த வேலைக்கு நம் மாநிலத்தில் ஒரு பெருமை இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகத்தில் பரிசோதித்துத் தேறிய மருந்தை மட்டும் மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு, தேவைப்பட்டதை அதில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருவதும் இந்தக் கிடங்குகள் இருப்பதால்தான் முடிகிறது. மலை கிராமத்துக் கிழவிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கடைக்கு அதனால் சுகர் மாத்திரை வியாபாரம் குறைந்தது. குறையட்டும்.

2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகள் திறந்தார்கள். டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்கள் விண்ணப்பித்து, அரசு மானியத்தோடு கூட்டுறவுத் துறை வழியாக நடத்தலாம். சொந்தக் கடைக்கு முதல் இல்லாத பிள்ளைகள் இதை விசாரிக்க வேண்டும். சான்றிதழை இன்னொருவர் சுவரில் மாட்டுவதற்குப் பதில் தன் கடைச் சுவரில் மாட்ட ஒரு வழி.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. புதிதாகச் சேரும் டி.பார்ம் பிள்ளைக்குச் சேலத்துக் கடைகளில் கிடைப்பது ஜவுளிக்கடையில் நிற்பவரின் சம்பளத்தைவிடப் பெரிதாக இல்லை. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கு ஒரு காரணம் அந்த வாடகைச் சான்றிதழ்தான். சும்மா தொங்கவிட ஒரு சின்னத் தொகைக்குச் சான்றிதழ் கிடைக்கும்போது, முழு நேரம் நிற்கும் ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளி முன்வருவார்? வீட்டில் இருந்தபடி அந்தத் தொகையை வாங்கும் ஒவ்வொருவரும், கவுன்ட்டரில் நிற்கும் இன்னொருவரின் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். கடை வைத்தாலும் லாபம் கொட்டாது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவரம்பு கணக்கிடும்போது சில்லறைக் கடைக்கு என்று 16 சதவீதம்தான் வைக்கிறார்கள். அதில் வாடகை, கரண்ட், உதவியாள் சம்பளம் எல்லாம் போக வேண்டும். பெரிய கடைகளும் ஆன்லைன்காரர்களும் போர்டு வைத்துத் தள்ளுபடி கொடுக்கிறார்கள். எங்களால் அந்த அளவு முடியாது. எங்களிடம் வருகிறவர்கள் பேசுவதற்காகவும் சேர்த்துத்தான் வருகிறார்கள். அதை நம்பித்தான் கடை நடக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது.

இப்போது எங்கள் கடையில் பயிற்சிக்கு நிற்கும் பெண் நாகலூர்ப் பக்கத்துப் பிள்ளை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வந்த புதிதில் வாடிக்கையாளரிடம் வாய் திறக்கவே கூச்சப்பட்டாள். ஒரு நாள் அவள் ஊர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், காலையில் போடும் மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் சின்னது. இவள் அந்தப் பாட்டியை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, காலை மாத்திரைக் கவரில் ஒரு சேவலும் ராத்திரிக் கவரில் ஒரு பிறையும் வரைந்து கொடுத்தாள். அதை நான் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எங்கள் கடையில் சேவலும் பிறையும்தான்.

பயிற்சிக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. 500 மணி நேரத்துக்குக் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். எந்தக் கடைக்குள் போனாலும் சுவரில் இருக்கும் சான்றிதழில் உள்ள பெயரைப் படியுங்கள், அந்த ஆள் எந்த நேரத்தில் கடையில் இருப்பார் என்று கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் சேருங்கள். எங்கள் கடையில் வருகிற செப்டம்பரில் ஒரு இடம் காலியாகிறது. மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் வந்தால் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களிடமும் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது.